சென்னையில் கைக்குழந்தையோடு வெளியே போக: கேரியரா, ஸ்ட்ரோலரா?

மாசமாக இருக்கும் தோழி யாராவது போன் செய்து, "எந்த ஸ்ட்ரோலர் வாங்கலாம்?" என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். வீட்டு வாசலிலிருந்து எங்கே போகப் போகிறாய், எதில் போகப் போகிறாய்? கடையில் பளபளப்பாக நிற்கிற அந்தத் தள்ளுவண்டியைப் பார்த்துவிட்டு, அதை ஓட்ட அப்புறம் இடம் தேடுகிறவர்கள்தான் அதிகம். முதலில் வழியைப் பார்க்க வேண்டும், பொருள் பிறகு. சென்னை மாதிரி ஊரில் முதல் ஆறு மாதத்துக்கு, குழந்தையை நம் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் நல்ல கேரியர் ஒன்று போதும், ஸ்ட்ரோலருக்கு அவசரமே இல்லை என்பது என் தீர்மானமான கருத்து.

எங்கள் வீடு நங்கநல்லூரில், லிஃப்ட் இல்லாத ஃபிளாட்டில் இரண்டாவது மாடி. கேட்டைத் தாண்டியதும் மழைநீர் வடிகால். அதன் மூடிதான் நடைபாதை, தெருவைவிட அரை அடி உயரம். அதில் வரிசையாக மின்வாரியப் பெட்டி, இஸ்திரி வண்டி, நிறுத்தி வைத்த பைக்குகள், நடுவில் ஒரு வேப்பமரம். தெருமுனைக்குப் போவதற்குள் வண்டியை நாலு இடத்தில் தூக்கி இறக்க வேண்டும். சரி, தெருவிலேயே தள்ளலாம் என்றால் ஸ்ட்ரோலரில் குழந்தையின் முகம் இருக்கும் உயரம், ஏறக்குறைய வண்டிகளின் புகைக்குழாய் உயரம். கேரியரில் அதே குழந்தை நம் நெஞ்சுயரத்தில் இருக்கும். எனக்கு அந்தக் காரணம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

நம் வீடுகளில் மூன்று மாதம் வரை குழந்தையை வெளியே எடுத்துப் போக விடமாட்டார்கள். ஆனால் தடுப்பூசிக்குப் போய்த்தானே ஆக வேண்டும்? அரசு அட்டவணைப்படி 6, 10, 14 வாரங்களில் ஊசி. கையில் ஃபைல், தோளில் பை, குழந்தை, கீழே இறங்க மாடிப்படி. பிரசவமான உடம்போடு படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்க ஒரு கையாவது வேண்டும். கேரியர் எனக்கு முதலில் கொடுத்தது அந்தக் கையைத்தான்.

நான் முதலில் பயன்படுத்தியது ரிங் ஸ்லிங். சுமார் இரண்டு மீட்டர் நீளத்தில் ஒரு கைத்தறித் துணி, அதன் ஒரு முனையில் தைத்த இரண்டு வளையங்கள், அவ்வளவுதான். இதை முதலில் வாங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பக்கிள் வைத்த கேரியரின் இடுப்புப் பட்டை சிசேரியன் தையல் மேலேயே அழுத்தும். ஸ்லிங்கில் இடுப்புப் பட்டையே கிடையாது, எடை ஒரு தோளிலும் முதுகிலும் போய்விடும். சுருட்டினால் கைப்பைக்குள் அடங்கும். புடவை கட்டிப் பழகியவர்களுக்கு இது சீக்கிரம் கைவரும் என்பது என் அனுபவம். துணியின் வால் பகுதியை இரண்டு வளையத்துக்குள்ளும் விட்டு, மேல் வளையத்தைச் சுற்றிக் கீழ் வளையம் வழியாக மட்டும் திரும்ப எடுத்து, புடவைக் கொசுவத்தை நீவுவது போல மடிப்புகளை விரித்துவிட வேண்டும். மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டால் துணி வளையத்தில் சிக்கி இறுகாது.

இறுக்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. வாலை மொத்தமாகப் பிடித்து இழுத்தால் நடுவில் மட்டும் இறுகி, மேல் விளிம்பு தொளதொளவென்று நிற்கும், குழந்தையின் முதுகு சரியும். குழந்தையைத் தோளில் சாய்த்து, கால்களைத் துணிக்குள் விட்டு, பின்புறத்தின் கீழ் துணியை முழங்கால் வரை இழுத்து இருக்கை மாதிரி செய்துகொள்ள வேண்டும். அப்புறம் மேல் விளிம்பு, கீழ் விளிம்பு, நடு என்று தனித்தனியாக இழுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் இழுக்கும்போது இன்னொரு கையால் குழந்தையின் எடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் துணி வழுக்கிக்கொண்டு வரும். முதல் வாரம் கட்டிலுக்கு மேலே குனிந்து நின்றுதான் பழகினேன், பக்கத்தில் என் கணவர். தெரியாதவர்கள் தலையணையை வைத்துப் பழகிவிட்டுக் குழந்தையை வைக்கலாம்.

என் மாமியார் முதல் நாளே கேட்டார். "என்னம்மா இது, புள்ளையக் கட்டித் தொங்கவிட்டிருக்க? கால் வளைஞ்சிடாதா?"

"அத்தை, நீங்க அவளை இடுப்புல வெச்சிருக்கும்போது கால் எப்படி இருக்கோ, அப்படியேதான் இருக்கு பாருங்க" என்றேன்.

குனிந்து பார்த்தார். இரண்டு தொடையும் விரிந்து, முழங்கால் பின்புறத்தைவிடச் சற்று மேலே. இடுப்பில் குழந்தையை வைத்தே வேலை பார்த்து மூன்று பிள்ளை வளர்த்தவர், ஒன்றும் சொல்லாமல் துணியின் விளிம்பை மட்டும் சரிசெய்துவிட்டுப் போனார்.

அந்தக் கால் நிலைதான் கேரியர் தேர்வின் உயிர்நாடி. பிறந்த குழந்தையின் இடுப்பு மூட்டு இன்னும் முழுதாக உறுதிப்பட்டிருக்காது. பந்து மாதிரியான எலும்புமுனை அதன் குழியில் சரியாக உட்கார, தொடைகள் விரிந்து மடங்கிய நிலை உதவுகிறது. முன்னால் நின்று பார்த்தால் ஆங்கில 'எம்' எழுத்து தெரிய வேண்டும். இடுப்பு மூட்டு விலகலுக்காகவே இயங்கும் சர்வதேச அமைப்பும் முதல் ஆறு மாதங்களுக்கு இந்த நிலையைத்தான் பரிந்துரைக்கிறது. கால்களை நேராக நீட்டி இறுக்கிச் சுற்றி வைப்பது இதற்கு நேர் எதிர். இப்படிப் பார்த்தால் நம் பாட்டிமார்கள் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தது அருமையான பழக்கம்.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் '4 இன் 1' கேரியர்களைத் தயவுசெய்து இந்தக் கண்ணோடு பாருங்கள். நிறைய மாடல்களில் தொடைகளுக்கு நடுவில் ஒரு குறுகலான பட்டைதான் இருக்கும். குழந்தை அதன்மேல் உட்காராது, தொங்கும். கால் இரண்டும் நேராகக் கீழே ஆடும். கூடவே 'படுக்க வைத்துத் தூக்கும் நிலை' என்று ஒன்றும் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும். அதுதான் எனக்கு அதிகக் கவலை. பை மாதிரியான துணிக்குள் பச்சைக் குழந்தை சுருண்டு படுத்தால் தாடை நெஞ்சில் இடித்துக்கொள்ளும், மூச்சுக்குழல் மடங்கும், சத்தமே வராது. பைவடிவ ஸ்லிங்குகளில் குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்ததையடுத்து, அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010-ல் பொது எச்சரிக்கையே வெளியிட்டது, முக்கியமாக நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு.

அதனால் எந்த கேரியராக இருந்தாலும் கட்டி முடித்ததும் நான் வரிசையாகப் பார்ப்பேன். முகம் எனக்குத் தெரிகிறதா? குனிந்தால் உச்சியில் முத்தம் கொடுக்கும் உயரத்தில் இருக்கிறாளா? தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இரண்டு விரல் போகிறதா? முதுகில் கைவைத்து அழுத்தினால் என் உடம்போடு ஒட்டியே இருக்கிறாளா, உள்ளே சரிகிறாளா? பிரிட்டனில் ஸ்லிங் பாதுகாப்புக்காகச் சொல்லித்தரும் விதிகளும் ஏறக்குறைய இவைதான். தூங்கிவிட்டால் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும், ஏனென்றால் தூக்கத்தில் கழுத்து தளரும். பால் கொடுக்கக் கொஞ்சம் இறக்கிக்கொண்டிருந்தால், குடித்து முடித்ததும் மறக்காமல் மேலே ஏற்றி இறுக்கிவிட வேண்டும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை குறைந்த குழந்தை என்றால் மருத்துவரிடம் கேட்காமல் எதையும் கட்ட வேண்டாம். கேரியரின் குறிப்புச் சீட்டில் குறைந்தபட்ச எடை போட்டிருக்கும், பெரும்பாலும் மூன்று, மூன்றரைக் கிலோ. நம் ஊரில் இரண்டரைக் கிலோவில் பிறக்கிற குழந்தைகள் எத்தனையோ பேர். அவர்களுக்கு முதலில் வெறும் நெஞ்சோடு அணைத்து வைக்கிற கங்காரு முறைதான், அதையும் ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிக்கொடுக்கிறபடி.

கழுத்து நன்றாக நின்று, ஆறேழு கிலோ ஆனதும் ஒரு தோள் தாங்காது. அப்போது பக்கிள் வைத்த கேரியருக்கு மாறினோம். இதில் எடையின் பெரும்பகுதி இடுப்பில் இறங்குவதால் நீண்ட தூரம் நடக்கலாம். வாங்கும்போது நான் பார்த்தது இருக்கையின் அகலம். முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்பு வரை துணி தாங்க வேண்டும், குழந்தை வளர வளர அகலத்தைக் கூட்டும் வசதியும் இருக்க வேண்டும். அப்புறம் பட்டைகளின் நீளம். என் கணவருக்கும் எனக்கும் உடம்பு வாகு ரொம்ப வித்தியாசம். இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துத்தான் வாங்கினோம். அப்பாவுக்கு அளவு சேராத கேரியரை வாங்கினால், தூக்குவது அம்மாவின் வேலை என்று வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது. எங்கள் வீட்டில் சாயங்கால நடை அவர் பொறுப்பு. கோவில் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் இவள் அவர் நெஞ்சில் தூங்கியிருப்பாள்.

முகம் வெளியே பார்க்க வைக்கலாமா என்று கேட்பார்கள். கழுத்தும் முதுகும் நன்றாக நின்ற பிறகு, விழித்திருக்கும்போது, கொஞ்ச நேரம் வைக்கலாம். தூக்கம் வந்தால் உடனே உள்பக்கம் திருப்பிவிட வேண்டும். வேடிக்கை பார்க்கத்தான் ஆசை என்றால் இடுப்புப் பக்கம் வைத்துக் கட்டுவது எவ்வளவோ மேல்.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் சென்னையில் எதையும் வாங்க முடியாது. அக்னி நட்சத்திரத்தில் நம் உடம்புச் சூடும் குழந்தையின் சூடும் சேர்ந்துகொள்ளும். வெளிநாட்டு வீடியோக்களில் அழகாகத் தெரிகிற எலாஸ்டிக் ராப், நாலைந்து மீட்டர் பனியன் துணியை மூன்று அடுக்காகச் சுற்றுவது, இந்த ஊர் மே மாதத்துக்கு ஆகவே ஆகாது. ஒற்றை அடுக்குக் கைத்தறிப் பருத்தி, லினன், அல்லது முதுகில் வலை வைத்த கேரியர் பார்க்கலாம். குழந்தைக்கு மெல்லிய பனியன் ஒன்று போதும், கேரியர் துணியும் ஒரு சட்டைதானே? எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு மல் துணி வைத்துக்கொள்வேன், நனைந்ததும் மாற்ற இன்னொன்று பையில் இருக்கும். வேர்க்குரு வராமல் இருக்க இதைவிட எனக்கு எதுவும் உதவவில்லை. பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை வெளியே போவதைத் தவிர்த்தோம். ஸ்ட்ரோலரிலும் இந்தக் கவனம் வேண்டும். வெயில் படுகிறதே என்று மேலே துண்டைப் போர்த்தினால் உள்ளே காற்றோட்டம் நின்று சூடு ஏறிவிடும். கூரையை இழுத்துவிட்டு முன்பக்கம் திறந்தே இருக்கட்டும்.

கேரியரில் குழந்தை இருக்கும்போது அடுப்படிப் பக்கம் போகாதீர்கள். தாளிக்கும்போது கடுகு எங்கே தெறிக்கும் என்று யாருக்குத் தெரியும்? கீழே விழுந்ததை எடுக்க வேண்டுமானால் முழங்காலை மடக்கி உட்காருங்கள், இடுப்பை வளைத்துக் குனியாதீர்கள்.

அப்புறம் போக்குவரத்து. மாநகரப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதனால் பிள்ளைத்தாய்ச்சிகளும் கைக்குழந்தைக்காரிகளும் முன்பைவிடத் தைரியமாகக் கிளம்புகிறார்கள். ஆனால் பழைய பேருந்துகளின் படி செங்குத்து. ஒரு கையால் கம்பியைப் பிடித்து ஏற வேண்டும். கேரியர் இருந்தால் ஏறலாம், ஸ்ட்ரோலரோடு நினைத்தே பார்க்க முடியாது. 2024-லிருந்து ஓடத் தொடங்கிய புதிய தாழ்தளப் பேருந்துகள் பெரிய ஆறுதல். தரையோடு தரையாக நிற்கும், சக்கர நாற்காலிக்குச் சாய்தளமும் உண்டு. மின்சார ரயிலில் மதிய நேரம் மகளிர் பெட்டியில் நிம்மதியாகப் போகலாம். மாம்பலத்தில் இறங்கி தி.நகர் போகிறவர்கள் ரங்கநாதன் தெரு நெரிசலில் குழந்தையோடு மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. 2023-ல் திறந்த ஆகாய நடைபாலம் ரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் வரை கொண்டுபோய் விட்டுவிடும்.

ஆட்டோவில் நடுவில் உட்கார்ந்து, "அண்ணா, கைக்குழந்தை இருக்கு, பள்ளத்துல மெதுவா" என்று ஏறும்போதே சொல்லிவிடுவேன். பெரும்பாலானவர்கள் உண்மையிலேயே மெதுவாகப் போவார்கள். ஆனால் ஒன்று, கேரியர் விபத்தில் குழந்தையைக் காப்பாற்றும் சாதனம் இல்லை. கார் என்றால் பின்னோக்கி வைக்கும் குழந்தை இருக்கைதான் சரி. கேரியரில் கட்டிய குழந்தையோடு முன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டால், மோதலில் நம் எடை முழுவதும் குழந்தை மேல்தான் விழும்.

இருசக்கர வாகனம் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அப்பா ஓட்ட, அம்மா பின்னால் கேரியரில் குழந்தையோடு உட்கார்ந்து போவதைத் தினமும் பார்க்கிறேன், மனது பதறுகிறது. 2022-ல் திருத்திய மத்திய மோட்டார் வாகன விதிகள், ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தைக்கு பைக்கில் பாதுகாப்புப் பட்டையும் ஹெல்மெட்டும் கட்டாயம், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்கின்றன. 2023 பிப்ரவரி 15-லிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பட்டை குழந்தையை ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டுவது, நடப்பதற்கான பேபி கேரியர் அதற்கு மாற்று ஆகாது. ஒன்பது மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தலையில் சேரும் ஹெல்மெட்டே கிடைக்காது. ஆட்டோவுக்கு ஆகும் காசை அந்த ஒன்பது மாதமும் மனதாரக் கொடுங்கள்.

இனி ஸ்ட்ரோலர். எங்களிடம் அது வந்தது இவள் தானாக உட்கார ஆரம்பித்த பிறகு. அதற்கு முன்பே வேண்டுமானால் முழுவதும் படுக்கையாகச் சாயும் வண்டி தேவைப்படும், அது பெரிதாகவும் கனமாகவும் இருக்கும். லிஃப்ட்டும் உள்சாலையும் இருக்கிற பெரிய குடியிருப்பில் வசிப்பவர்களுக்கு அது நல்ல முதலீடு, எங்களைப் போன்றவர்களுக்கு இல்லை. மாடி ஏறுகிறவர்கள் வண்டியின் எடையோடு குழந்தையின் எடையையும் பையையும் கூட்டிப் பாருங்கள். எட்டு கிலோ வண்டி, எட்டு கிலோ குழந்தை, தினமும் இரண்டு மாடி.

கடையில் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். ஐந்து கிலோ அரிசிப் பையைக் கையோடு எடுத்துப் போய் இருக்கையில் வைத்து, கடைக்கு வெளியே சாலையில் தள்ளிப் பார்க்க அனுமதி கேளுங்கள். கடைக்குள் டைல்ஸ் தரையில் எல்லா வண்டியும் வழுக்கிக்கொண்டுதான் ஓடும். சின்னப் பிளாஸ்டிக் சக்கரம் நம் சாலையில் முதல் பள்ளத்திலேயே நின்று, வண்டி முன்னால் சாயப் பார்க்கும். பிறகு அரிசிப் பையை இடது கையில் அணைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் மடக்கிப் பாருங்கள். ஆட்டோ பிடிக்கும்போது உங்கள் நிலைமை அதுதான். மடக்கியது ஆட்டோ சீட்டுக்குப் பின்னால் உள்ள இடத்தில் போகுமா என்று அளந்தும் பாருங்கள். பெல்ட் இரண்டு தோள், இரண்டு இடுப்பு, நடுவில் ஒன்று என ஐந்து முனையில் பூட்ட வேண்டும். கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டாதீர்கள். குழந்தையை எடுத்த கணமே வண்டி பின்னால் கவிழும்.

குடை மாதிரி மடங்கும் லேசான வண்டியை வடிவமைத்தவர் ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேய விமானப் பொறியாளர். விமானத்தின் மடங்கும் சக்கரக் கால்களோடு வேலை செய்தவர். 1965-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். உலகம் முழுக்கப் பயணம் செய்யும் பெற்றோருக்கு அது பெரிய வரம். அதே மடிப்பில் ஒரு ஆபத்தும் உண்டு. வண்டியை விரிக்கும்போது கீலுக்குள் குழந்தையின் விரல் மாட்டி நுனி துண்டான சம்பவங்களால், அந்த நிறுவனம் 2009-ல் அமெரிக்காவில் சுமார் பத்து லட்சம் வண்டிகளுக்குக் கீல் மூடிகள் கொடுக்க வேண்டியிருந்தது. எந்த நிறுவனத்து வண்டியானாலும் விரிக்கும்போதும் மடக்கும்போதும் குழந்தை எட்ட இருக்கட்டும், பூட்டு விழும் சத்தம் கேட்ட பிறகு உட்கார வையுங்கள்.

எங்கள் ஸ்ட்ரோலருக்கு வேலை கிடைத்தது சில இடங்களில்தான், ஆனால் அங்கே அது அருமையாக இருந்தது. பாண்டி பஜாரில் 2019-ல் அமைத்த அகலமான நடைபாதை, விமான நிலையம், மால், அப்புறம் மெட்ரோ. நங்கநல்லூர் ரோடு நிலையத்தில் லிஃப்டில் ஏறி, டிக்கெட் தடுப்புகளில் அகலமான வாயில் வழியாகப் போகலாம். எஸ்கலேட்டரில் வண்டியை ஏற்றவே ஏற்றாதீர்கள். ரயிலுக்குள் போகும்போது கைப்பிடியைக் கொஞ்சம் அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டால் இடைவெளியில் சிக்காது. உள்ளே போனதும் பிரேக்கைப் போட்டு, வண்டியை ரயில் ஓடும் திசைக்குக் குறுக்காக நிறுத்துவேன். வேகம் கூடும்போதும் குறையும்போதும் உருண்டு ஓடாது. மணலில் மட்டும் ஆசைப்படாதீர்கள். பெசன்ட் நகர் கடற்கரைச் சாலை வரை வண்டி, அதற்கப்புறம் கேரியர். ஸ்ட்ரோலர் எடுத்துப் போகிற நாளிலும் கேரியர் அடிக்கூடையில் இருக்கும். லிஃப்ட் பழுது என்று ஒரு பலகை போதும், திட்டம் மாறிவிட.

இரண்டையும் சேர்த்துப் புதிதாக வாங்கப் பணம் இல்லையென்றால், ஸ்ட்ரோலரைத் தெரிந்தவர்களிடம் இரவல் வாங்குங்கள், கேரியரை அளவுக்குச் சரியாகப் புதிதாக வாங்குங்கள். பழைய கேரியர்தான் கிடைக்கிறது என்றால் வெயிலில் பிடித்துத் துணியில் நைந்த இடம் தெரிகிறதா என்று பாருங்கள். பட்டை தைத்த இடங்களைப் பலமாக இழுத்துப் பாருங்கள். ரிங் ஸ்லிங்கின் வளையத்தில் விரலை ஓட்டினால் இணைப்பே தட்டுப்படக் கூடாது. பக்கிள் ஒவ்வொன்றும் 'டக்' என்று பூட்ட வேண்டும், ஒன்று தொளதொளத்தாலும் வேண்டாம். வாங்கி வந்ததும் இதமான சோப்பில் அலசி, நிழலில் உலர்த்திய பிறகு பயன்படுத்துங்கள். பட்டையின் மேல் விளிம்பைத் தனியாக இன்னொரு முறை அலசுவது நல்லது, பல் முளைக்கிற குழந்தைகள் எல்லோரும் சப்பிய இடம் அதுதான்.